மந்திரகோடியைக் கொண்டுபோக மாட்டேன்

மாட்டேன். நேற்று நீ கதவை அறைந்து சாத்தியதில் தாழ்ப்பாள் கழன்று கீழே விழுந்துவிட்டது, அதற்காகவும் மாட்டேன். “எல்லார் வீட்டுப் பொண்டாட்டியையும் சிரிக்க வச்சு ஆட்டோல ஏத்திக் கூட்டிட்டு வந்தீங்கல்ல? என் பொண்டாட்டிக்கு மட்டும் வண்டியில பெட்ரோல் இல்லையாக்கும்?” என்று வாசலில் நின்று சத்தம் போட்டாய். அது டீசல் வண்டி, டேய். இருபத்தைந்து வருஷம் அந்த வண்டி ஓடிய காசில் சோறு தின்றவனுக்கு அதுகூடத் தெரியவில்லை என்றால், காக்கநாட்டில் உன்னை நம்பிக் கம்ப்யூட்டர் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்களே, அவர்களை நினைத்துத்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது. டாங்கி நிறைய டீசல் கிடக்கிறது. இருந்தும் போகமாட்டேன்.

பார், நாலு வரி எழுதுவதற்குள் வேடிக்கை வந்துவிட்டது. இதனால்தான் எழுதுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் எனக்கு ஒரு கிண்டல் தோன்றும், நீ சிரிப்பாய், நானும் சிரிப்பேன், சாயா குடித்து முடிக்கும்போது சொல்ல வந்தது மேசையடியில் எங்கோ உருண்டு போயிருக்கும். நம் வீட்டில் எல்லாப் பேச்சும் அப்படித்தான் முடிந்திருக்கிறது. இன்றைக்குப் பூசை முடிந்து வந்ததும் உன் பழைய நோட்டு ஒன்றை உன் அம்மாவிடம் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை கிடந்தால் நீ சிரிக்க வேண்டாம், மலையாளத்தில் படித்த உன் தமிழ் எழுத்து இதைவிட மோசம். மெல்லக் கூட்டிப் படி. நாலு மணிக்கு வருவேன், முடிவு சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

நீ கொண்டுவந்த புடவை எனக்கு முன்னால் மேசையில் இருக்கிறது. பிளாஸ்டிக் கவருக்குள், மடிப்புக் கலையாமல். “ஷைனி எல்லாத்தையும் எடுத்துட்டா, இத மட்டும் கட்டில் மேல மறந்து வச்சுட்டுப் போயிட்டா. இதக் கொண்டு போய்க் குடுங்கப்பா, அந்தச் சாக்குல பேசி ஏத்திட்டு வந்துருங்க” என்றாய். மோனே, இதை யாரும் மறந்து வைத்துவிட்டுப் போகமாட்டார்கள். இது மந்திரகோடி. கல்யாணத்தன்று பாதிரியார் ஆசீர்வதித்துக் கொடுக்க, நீ உன் கையால் அவள் தலைமேல் போர்த்திய பட்டு. நம் தமிழ் ஆட்களுக்கு இந்த வழக்கம் கிடையாது. என் அப்பன் மிளகு மூட்டை தூக்க இந்த மட்டாஞ்சேரிக்கு வந்த பிறகு, இங்கேயுள்ள கிறிஸ்தவர்களைப் பார்த்து எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டபோது முழுதாகவே எடுத்துக்கொண்டோம். கல்யாணத்தில் ஒருமுறை உடுத்தி, பெட்டிக்கடியில் வைத்து, கடைசியில் அவள் பிரேதத்தின்மேல் போர்த்தி அடக்கம் செய்வது வரைக்கும். உன் புடவையிலேயே சாவேன் என்று ஒரு பெண் ஒப்புக்கொடுப்பதுதான் அது. அதை மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு ஒருத்தி வெளியே இறங்கினால், அவள் என்ன சொல்கிறாள் என்று உனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. ஏனென்றால் நம் வீட்டில் இதற்கு முன்னால் ஒருத்தி அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். என் மடியில்தான் கொண்டுவந்து வைத்தாள். அதைச் சொல்லத்தான் இந்த நோட்டு.

அதற்கு முன்னால் ஆட்டோ கதை. நீ சொன்னது பொய்யில்லை. நம் கோயில் சபையில் எந்த வீட்டிலாவது பெண் கோபித்துக்கொண்டு தாய் வீடு போனால், கோயிலுக்குப் பொறுப்பான பாதிரியார், பழைய விகாரியச்சன், என்னைத்தான் கூப்பிடுவார். என்னிடம் வண்டியும் இருந்தது, வாயும் இருந்தது. நான் போய் அந்தத் தாய் வீட்டில் இறுகி நிற்கும் முகங்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு சாயா கேட்பேன். வந்ததும் ஒரு வாய் குடித்துவிட்டு, “மோளே, இந்தச் சாயாவப் போட்டது நீயா? அப்ப உன் புருஷன் பாவம், அவன்தானே ஓடிப் போயிருக்கணும்” என்பேன். ஒருத்தியும் சிரிக்காமல் இருந்ததில்லை. சிரித்துவிட்டால் முடிந்தது. சிரித்த வாயால் வரமாட்டேன் என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம். பையைத் தூக்கி நானே வண்டியில் வைத்துவிடுவேன். அப்படிப் பதினொரு பேர். கொச்சங்காடியில் கிடங்குக்குப் பின்வீட்டு லில்லியை உனக்குத் தெரியுமே, மீன் துண்டை மாமியார் எண்ணி வைக்கிறாள் என்று போனவள். இன்றைக்கும் என் வண்டியைப் பார்த்தால் “சேட்டா, அன்னைக்கு நீங்க வராம இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்” என்று கத்துவாள், பின்னால் அவள் புருஷன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். அவர்களைக் கூட்டி வந்ததில் தப்பில்லை. மீன் துண்டுக்கும் மாமியார் முணுமுணுப்புக்கும் கல்யாணம் உடையக் கூடாது. சண்டை போட்டு, முகத்தைத் தூக்கி வைத்து, மறுபடி ஒரே பாயில் வந்து விழுவதுதான் கல்யாணம். அதில் நான் இப்போதும் மாறவில்லை.

ஆனால் எல்லாச் சிரிப்பும் ஒன்றில்லை. ஊரில் எனக்கு வேறு படிப்பு கிடையாது, சிரிப்பில் மட்டும் படிப்பு உண்டு. ஒரு வேடிக்கை சொன்னால் எங்கே சிரிப்பு விழும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பது ஹாரன் அடிக்கிற மாதிரி எனக்குக் கைப்பழக்கம். லில்லி மாதிரி ஆட்கள் வேடிக்கை முடிந்த பிறகு சிரிப்பார்கள். பயந்தவள் முடியும் முன்பே சிரிப்பாள். சிரித்துக்கொண்டே, சொன்னவன் முகத்தைப் பார்க்காமல் தன் புருஷன் முகத்தைப் பார்ப்பாள், சிரித்தது சரிதானா என்று.

போன ஈஸ்டருக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்களே. உன் அம்மா அப்பமும் இறைச்சிக் குழம்பும் வைத்திருந்தாள். அந்த வேக்காட்டில் ஷைனி முழுக்கைச் சட்டையோடு வந்திருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், பாதிகூட வரவில்லை, அவள் சிரித்துவிட்டாள். சிரித்து உன்னைப் பார்த்தாள். அப்புறம் அவள், “அவருக்குக் குழம்புல எரிவு கூடினா ஆகாது மாமா, அன்னைக்கு…” என்று எதையோ சொல்ல ஆரம்பித்தாள். உன் கை மேசைக்கடியில் போனது. அவள் பேச்சு நின்றது. நான் குனிந்து கீழே விழுந்த கரண்டியை எடுத்தபோது பார்த்தேன், அவள் மணிக்கட்டை நீ பிடித்திருந்த பிடியை. உன் விரல் நகங்கள் வெளுத்துப் போயிருந்தன. நிமிர்ந்தேன். என்ன செய்தேன் தெரியுமா? “என்னடா, கல்யாணமாகி நாலு வருஷமாச்சு, இன்னும் கைய விடமாட்டேங்கிற?” என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது ஷைனி. அன்றைக்கு நான் அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். வேடிக்கை சொல்லி அதை மூடி வைத்துக் கொடுத்தேன். அது உன் பாவத்தில் என் பங்கு. அதை உன் தலையில் வைக்கமாட்டேன்.

நேற்று நீ சொன்னாய், “ஒரே ஒரு தடவ கை நீட்டிட்டேன்பா. வேலை டென்ஷன். அதுக்குப் போய் இவ்வளவு பெருசா?” என்று. அந்த ஒரே ஒரு தடவையை நான் முன்னாலேயே ஒருத்தன் வாயால் கேட்டவன். வார்த்தை மாறவில்லை, குரலும் மாறவில்லை. உன் ஃபிலோ அத்தையின் புருஷன்.

ஃபிலோ என் தங்கை. உனக்கு அவளைப் பற்றி நினைவிருப்பது அவள் வாங்கித் தரும் நாரங்கா மிட்டாய் மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். பள்ளுருத்தியில் கட்டிக் கொடுத்தோம். அவன் கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசை, நல்ல குரல், குடிக்கமாட்டான், பெரியவர்களைக் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு நிற்பான். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் ஒரு மத்தியானம் அவள் தனியாக நடந்து வந்தாள். பள்ளுருத்தியிலிருந்து இங்கே வரைக்கும் நடந்து. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொதி. நான் சாப்பிட்டுவிட்டு இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பொதியை என் மடியில் வைத்தாள். “அண்ணா, இது எனக்கு வேண்டாம். இத உடுத்தி என்னப் புதைக்க விடாத” என்றாள். பிரித்தேன். மந்திரகோடி.

நான் சொன்னேன்: “பின்ன எப்படிடீ புதைக்கிறது, கோட்டும் டையும் போட்டா?” சொல்லி முடிக்கவில்லை, அவள் சிரித்துவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் அவள் ஒருநாளும் சிரித்ததில்லை. சின்ன வயதில் என் வேடிக்கைக்கு முகத்தைக் கோணலாக்கிக்கொண்டு “போடா” என்று போகிறவள். நான் அதைக் கவனித்தேன் மோனே. கவனிக்காமல் போகவில்லை. கவனித்துவிட்டு, சிரித்தாளே, இனி ஏறிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து, “ரெண்டு நாள் இங்க இருக்கட்டும், அவ கழுத்தப் பாருங்க” என்றாள். கழுத்தைப் பார்க்காமல் வண்டிச் சாவியைப் பார்த்தேன். கட்டிக் கொடுத்தது கட்டிக் கொடுத்ததுதான், கடவுள் சேர்த்ததை யாரும் பிரிக்க வேண்டாம் என்று அந்த வசனத்தை அவளிடம் சொன்னேன். எனக்கு அந்த ஒரு வசனம்தான் மனப்பாடம். ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்கில் தழும்பு விழுந்த வசனம்.

தோப்பும்படி தாண்டியதும் பின்னால் இருந்து, “அண்ணா, கொஞ்சம் மெல்லப் போ” என்றாள். நான், “இதுக்கு மேல மெல்லப் போனா பின்னாடி வர்ற எருமைமாடு ஹாரன் அடிக்கும்டீ” என்றேன். அதற்கும் சிரித்தாள். கண்ணாடியில் பார்த்தேன், பொதியை இரண்டு கையாலும் மடியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் அவன் நின்றிருந்தான். சிரித்த முகம். “ஒரே ஒரு தடவ அளியா, வேலை டென்ஷன்” என்று என் காதில் சொன்னான். அவளைக் கைபிடித்து இறக்கவில்லை. முதலில் மடியிலிருந்த பொதியை வாங்கிக்கொண்டான். அவள் அதன் பின்னால் போனாள்.

அடுத்த நோன்பு தொடங்கும் முன்னால் ஆள் வந்து சொன்னது, படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று. அந்த வீட்டுக்கு எத்தனை படி என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், என் வண்டி அதன் எதிரில் நின்றிருக்கிறது. மூன்று. என் முழங்கால் உயரம்கூட வராத மூன்று படி. மூன்று படியில் விழுந்து ஒருத்தி எப்படிச் சாவாள் என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. கேட்டால் அப்புறம் என்னையும் கேட்பார்கள் அல்லவா, யார் இவளை இங்கே கொண்டுவந்து விட்டது என்று. அவள்மேல் அந்தப் பட்டைப் போர்த்தினார்கள். நான் அவளிடமிருந்து வாங்கி, அவளோடு வண்டியில் ஏற்றி, திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்த அதே பட்டு. நீ என் தோளில் உட்கார்ந்திருந்தாய். “அப்பா, அத்தை கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு” என்று உரக்கச் சொன்னாய். அன்றைக்கு முதல் நான் யார் வீட்டுக்கும் வண்டி எடுத்துப் போகவில்லை. வயதாகிவிட்டது, முட்டி வலி என்று விகாரியச்சனிடம் பொய் சொன்னேன். அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது.

இனி உன் அம்மாவைப் பற்றி. அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள், அதனால் சுருக்கமாக. நான் அவளைக் கையால் தொட்டு வருத்தியதில்லை. வாயால் வருத்தியதற்குக் கணக்கில்லை. உனக்கு மூன்று வயதிருக்கும், ஞானஸ்நான விருந்து ஒன்றில் அவள் அப்பா வெற்றிலைப் பெட்டியோடு வந்து உட்கார்ந்திருக்க, அவரை வைத்து நான் ஒரு கிண்டல் செய்தேன். சபை முழுக்கச் சிரித்தது. மனிதர் வெற்றிலையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனார். நோன்பு நாற்பது நாளும் உன் அம்மா என்னோடு பேசவில்லை. நான் தலைகீழாக நின்று வேடிக்கை காட்டினேன். ஒரு பல்கூடத் தெரியவில்லை. பெரிய வெள்ளியன்று மொட்டை மாடியில் தன் மந்திரகோடியை வெயிலில் விரித்துப் போட்டிருந்தாள். திருப்பித் தரப் போகிறாள் என்று நினைத்துவிட்டேன். ஏறிப் போய், வேடிக்கை ஒன்றும் கலக்காமல், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு நாற்பது நாள் ஆனது. “பூச்சி அரிக்குதுன்னு காயப் போட்டேன் மனுசா. அதுக்கா இந்த மூஞ்சி?” என்றாள். இப்போதும் மழை முடிந்தால் காயப் போடுகிறாள். “நீங்க முன்னாடி போனா இத உடுத்திட்டு நான் சினிமாவுக்குப் போவேன்” என்பாள். பயமில்லாதவள் அப்படித்தான் பேசுவாள். முகத்துக்கு நேரே, நான் முடிக்கும் முன்பு சிரிக்காமல். ஷைனி ஒருநாளாவது உன்னை இப்படிக் கிண்டல் செய்திருக்கிறாளா? யோசித்துப் பார். நாலு வருஷத்தில் ஒருநாள்?

டிவோர்ஸ் கேட்டு நோட்டீஸ் வரும் என்று பயந்து நேற்றுக் குதித்தாய். “கோயில்ல ஒத்துக்கமாட்டாங்கப்பா, நம்ம சபையில டிவோர்ஸ் கிடையாதுல்ல? அவ எங்க போவா?” என்று என் வாயால் அந்த வசனத்தைச் சொல்லவைக்கப் பார்த்தாய். எனக்கும் அந்த வார்த்தை பிடிக்காது. கல்யாணம் கடவுள் போட்ட முடிச்சு என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன், கோர்ட்டுக்காரன் பேனாவால் அது அவிழும் என்று நம்பவில்லை. ஆனால் அந்த வசனத்தை நான் இத்தனை வருஷமும் வீட்டைவிட்டு வெளியே போனவளுக்கு மட்டும் சொன்னேனே, உள்ளே நின்று கை ஓங்கியவனுக்கு ஒருமுறையாவது சொன்னேனா? பிரிக்கிறவன் யார்? கழுத்தில் கை வைத்தவன் அப்போதே பிரித்துவிட்டான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு போவது நடந்து முடிந்த காரியத்தை ஊருக்குச் சொல்வது மட்டும்தான். பலிபீடத்துக்கு முன்னால் நீயும் வாய் திறந்து ஒப்புக்கொடுத்தாய். மதிப்பேன், நேசிப்பேன் என்றாய், நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நடுவில் இருந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, சாகும்வரை என்கிற கடைசி வார்த்தையை மட்டும் அவள்மேல் கொண்டுபோய் நீட்டுகிறாய். அந்த வார்த்தையை அப்படி நீட்டினால் அது கத்தி, மோனே.

பூசைக்குப் பிறகு புதிதாக வந்த உதவிப் பாதிரியார், அந்தக் கொச்சச்சனைப் பிடித்தேன். உன்னைவிடச் சின்னப் பையன், மீசை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. பேர் சொல்லாமல் ஒரு வீட்டுக் காரியம் என்று கேட்டேன். “அடி வாங்கிட்டு அங்கேயே இருக்கணும்னு சபை யாருக்கும் சொல்லலியே, அப்பச்சா. உயிருக்குப் பயம்னா தனியா போய் இருக்கலாம். அவ வாக்கு மாறினதா ஆகாது” என்றார். “இத முப்பது வருஷம் முன்னாடி எங்கிட்ட யாரும் சொல்லலியே அச்சா” என்றேன். “நீங்க கேட்டீங்களா?” என்றார். மீசை இல்லாவிட்டாலும் வாய் இருக்கிறது.

இன்னொன்று. காலையில் ஷைனி உன் அம்மாவுக்கு போன் செய்தாள். சுள்ளிக்கல்லில் தாய் வீட்டில்தான் இருக்கிறாள், அவளும் அவள் அம்மாவும் மட்டும். உன் அம்மா போனை என் காதருகில் வைத்தாள். “மாமாவ அனுப்பிராதீங்க அத்தை. மாமா வந்தா நான் சிரிச்சுருவேன். சிரிச்சா வண்டியில ஏறிருவேன்” என்றாள். எழுபது வயதுவரை வேடிக்கை பேசித் திரிந்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் தர முடியாது.

அதனால் கேள். அந்த வாசலுக்கு நீ போகாதே. போன் செய்யாதே, ஆளை அனுப்பாதே. அந்த முடிச்சு அவிழாது என்று உனக்கு நிஜமாகவே நம்பிக்கை இருந்தால், அதை நீ காத்துக்கொள். தனியாக, காக்கநாட்டில், அவள் இல்லாமல். அவள் கேஸ் கொடுத்தால் தலை குனிந்து நின்று நடந்ததைச் சொல். கொச்சச்சனிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய், ஒரே ஒரு தடவை என்று சொல்லாமல். கையை அடக்கச் சொல்லித் தரும் டாக்டர்கள் இருக்கிறார்களாம், போ. அவள் வருவாளா மாட்டாளா என்பது அவளுடையது. மந்திரகோடி இங்கே என் மேசையில் இருக்கட்டும். அவளாக வந்து எடுத்தால் எடுக்கட்டும்…

நோட்டு மறுபடி கைக்கு வந்துவிட்டது. இப்போது நாலரை மணி. நீ வந்தாய். “நீங்களே படிங்கப்பா, இதக் கூட்டிப் படிக்க எனக்குப் பொறுமையில்ல” என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாய். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் படித்தேன். டீசல் வண்டிக்குச் சிரித்தாய். ஈஸ்டர் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாய். மூன்று படி என்று படித்தபோது, “அப்பா, நான் அந்த ஆள் இல்ல” என்றாய். நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. தண்ணீர் குடிக்க எழுந்தாய் என்று நினைத்தேன். தலையைத் தூக்கினால் குரல் உடைந்துவிடும் என்று குனிந்தபடியே உன் அம்மாவின் கதையைப் படித்தேன், கொச்சச்சனைப் படித்தேன், ஷைனி சொன்னதைப் படித்தேன். வெற்று நாற்காலிக்கு எல்லாம் படித்திருக்கிறேன். மேசையில் இருக்கட்டும் என்ற இடத்தில் நிமிர்ந்து மேசையைப் பார்த்தேன். புடவைப் பொதி இல்லை.

நீ காக்கநாடு போவதாக இருந்தாலும் சுள்ளிக்கல் வழியாகத்தான் போக வேண்டும். அவள் வாசலில் நிறுத்துவாயா, தாண்டிப் போவாயா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தாண்டிப் போகிறவன் அந்தப் பட்டை எடுத்துக்கொண்டு போகமாட்டான். உன் அம்மா இரண்டு முறை போன் செய்துவிட்டாள், ஷைனி எடுக்கவில்லை. நான் மனம் மாறிப் போய்விடக் கூடாது என்று நேற்று ராத்திரியே ஆட்டோ சாவியை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தவளும் அவள்தான். இப்போது முழங்கை வரைக்கும் அரிசியில் கையைவிட்டு அவளே தேடுகிறாள். அதுவரைக்கும் இந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரையும் கூட்டிவர இல்லை, மோனே. வண்டியை அந்த வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி உள்ளேயே உட்காரப் போகிறேன். உன் அம்மா பின்னால் உட்காருவாள். நீ வந்தால் எங்களைத் தாண்டித்தான் படி ஏற வேண்டும்.

சாவி கிடைத்துவிட்டது. அன்றைக்கு ஃபிலோவை ஏற்றிப் போன அதே வழி. மெல்லப் போ என்று இன்றைக்கு யார் சொன்னாலும்